மாலைக்கண்ணுக்குச் சுறா எண்ணெய்

விளக்கு வைக்கிற நேரத்தில் பராசக்தி தூணில் போய் மோதிக்கொண்டாள். மோதிய சத்தம் கேட்டு மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். பள்ளிக்கூட விடுதியைப் பார்த்துக்கொள்கிற அம்மா, "கண்ணை எங்கை வைச்சுக்கொண்டு நடக்கிறாய்?" என்று அதட்டினார். ஞானாம்பிகைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. முந்தின கிழமையும் இதே நேரத்தில் இதே பிள்ளை படியில் தடுக்கி விழுந்ததை அவள் பார்த்திருந்தாள்.

கொக்குவிலில் இருந்த அந்தச் சைவப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஞானாம்பிகை விஞ்ஞான ஆசிரியை. சென்னைக்குப் போய்ப் படித்துப் பட்டம் வாங்கி வந்தவள். பேசி வந்த கலியாணங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கழித்துவிட்டு, விடுதியிலேயே ஓர் அறை எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தின் சின்னஞ்சிறு ஆய்வுகூடத்தைத் தன் குடும்பம்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஒரு வெள்ளைச் சோக்குக் கட்டியை முற்றத்தில் போட்டாள்.

"பராசக்தி, உந்தச் சோக்கை எடுத்துக்கொண்டு வா பாப்பம்."

பிள்ளை குனிந்தாள். சோக்கு அவளுடைய காலடியிலேயே கிடந்தது. அவளுடைய கை அதற்கு அங்காலும் இங்காலும் மண்ணைத் தடவியது. கடைசியில் அவள் நிமிர்ந்து, "காணேல்லை ரீச்சர்" என்று அழுதாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஞானாம்பிகை மற்றப் பிள்ளைகளையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தாள். இன்னும் சில கைகள் அதேபோல் மண்ணைத் தடவின. தங்களுக்கு இருட்டில் கண் தெரியவில்லை என்பதை அந்தப் பிள்ளைகள் பயத்தில் மறைத்து வைத்திருந்தார்கள்.

மறுநாள் டொக்டர் சண்முகநாதன் வந்து கண்களை இழுத்துப் பார்த்தார். பராசக்தியின் கண்ணில் வெள்ளையாக நுரைபோல ஒரு பொட்டுப் படிந்திருந்தது.

"மாலைக்கண். உயிர்ச்சத்து ஏ குறைஞ்சுபோச்சு. இப்பிடியே விட்டால் கருவிழி கரைஞ்சு பார்வை முழுக்கப் போயிடும்."

"முருங்கையிலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறம் டொக்டர்" என்றாள் ஞானாம்பிகை.

"கொடுங்கோ, நிப்பாட்ட வேண்டாம். ஆனால் போன மாசம் இதுகளுக்கு வயித்தோட்டம் வந்து குடல் தேஞ்சுபோய்க் கிடக்கு. இலையிலை இருக்கிற மஞ்சள் சத்தை உடம்பு எடுத்து மாத்திறதுக்குக் கன நாள் செல்லும். உந்தப் பிள்ளைக்கு அவ்வளவு நாள் இல்லை. கொட்லிவர் ஒயில் வேணும், சீமை மீன் ஈரல் எண்ணெய்."

"அது எங்கை இருக்கு?"

டொக்டர் கையை விரித்தார். ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டுவிட்டுப் போன அடுத்த வருஷம் அது. கப்பல்கள் சிப்பாய்களுக்கும் துவக்குகளுக்கும் மட்டுந்தான் ஓடின. யாழ்ப்பாணத்து மருந்துக்கடைகளில் வெறும் போத்தல்கள்தான் இருந்தன.

டொக்டர் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது ஞானாம்பிகை கேட்டாள்:

"டொக்டர், கொட் மீனுக்கு மட்டும்தானா ஈரல் இருக்கு? எங்கடை கடலிலை சுறா இல்லையோ?"

அவர் நின்றார். குடையை மறுபடியும் சுவரில் சாய்த்தார்.

"சுறா ஈரலிலை இருக்கெண்டுதான் இப்ப சொல்லுகினம். ஆனால் இஞ்சை ஆரும் மருந்துக்கு எடுத்ததாய் நான் கேள்விப்படேல்லை. நல்ல எண்ணெய் எண்டு எப்பிடித் தெரியும்?"

"கந்தகத் திராவகம் என்னட்டை இருக்கு. உங்களிட்டைக் கொஞ்சம் குளோரபோம் இருந்தால் தாங்கோ. எண்ணெயை அதிலை கரைச்சு ஒரு துளி திராவகம் விட்டால், சத்து இருந்தால் ஊதா நிறம் காட்டும். நான் படிச்சிருக்கிறன்."

படித்திருந்தாளே ஒழிய, ஞானாம்பிகை அதுவரை ஒரு மீனைக் கையால் தொட்டதில்லை. அவளுடைய வீட்டுப் படலைக்குள் கருவாட்டு வாசனைகூட வந்ததில்லை. சனிக்கிழமை ரயிலேறி யாழ்ப்பாணத்தில் இறங்கிக் குருநகருக்கு நடந்தபோது, கடற்கரை வருவதற்கு முன்னமே மீன் வாடை அவளை எதிர்கொண்டது. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள். பிறகு, கேட்டு வந்த வீட்டு வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பது மரியாதையில்லை என்று கையை எடுத்துவிட்டாள்.

அது கத்தரீனாவின் வீடு. கத்தரீனாவும் புருஷன் கனிசியசும் சுறா பிடிப்பவர்கள். ஈரலைப் பீப்பாவில் போட்டு வெயிலில் அழுக விட்டு, மேலே மிதக்கிற எண்ணெயை வள்ளப் பலகைகளுக்குப் பூச விற்பார்கள்.

"மருந்துக்கோ?" கத்தரீனா பீப்பாவைத் திறந்து காட்டினாள். "ரீச்சர், உதைக் குடிச்சால் பிள்ளையள் செத்துப்போங்கள்."

அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. கறுத்த அந்தக் குழம்பில் கொஞ்சம் எடுத்துப்போய், டொக்டர் தந்த குளோரபோமில் கரைத்துத் திராவகம் விட்டபோது, குழாய்க்குள் அழுக்குப் பழுப்புத்தான் மிஞ்சியது. ஊதாவின் நிழல்கூட இல்லை. வெயிலும் காற்றும் பட்டால் இந்தச் சத்து செத்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். பீப்பாவுக்குள் இரண்டும் தாராளமாகப் போயிருந்தன.

அடுத்த சனிக்கிழமை மறுபடி போனாள்.

"அழுகாத ஈரல் வேணும் அக்கா. வள்ளம் கரைக்கு வந்த கையோடை."

"பச்சை ஈரலிலை எண்ணெய் லேசிலை இறங்காது ரீச்சர். காய்ச்சத்தான் வேணும்."

கத்தரீனா தாச்சியை அடுப்பில் வைத்து நன்றாக விறகு தள்ளிக் காய்ச்சினாள். எண்ணெய் இறங்கியது, சிவப்பாக, கருகல் மணத்தோடு. ஆய்வுகூடத்தில் துளி விழுந்த இடத்தில் ஒரு மெல்லிய ஊதா கீற்றுப்போல ஓடி, கண்ணிமைக்கும் முன்னே மறைந்துபோனது. ஞானாம்பிகை கதிரையில் தொப்பென்று இருந்தாள். சத்து இருக்கிறது! நெருப்புத்தான் அதைத் தின்கிறது. பராசக்தியோ இப்போது பகலிலேயே கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தாள்.

அன்று பின்னேரம் ஞானாம்பிகை விடுதிக் குசினிக்குள் தண்ணீர் குடிக்கப் போனாள். அடுப்பில் புட்டு அவிந்துகொண்டிருந்தது. கீழே பானைக்குள் தண்ணீர் கொதிக்க, மேலே கூம்பான ஓலை நீத்துப்பெட்டிக்குள் மா ஆவியில் வெந்துகொண்டிருந்தது. நெருப்பு மாவைத் தொடவேயில்லை. தண்ணீர்ச் செம்பைக் கையில் பிடித்தபடியே அவள் அந்த ஆவியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். சமையற்காரி பயந்துபோனாள்.

சந்தையில் புதுப் பானையும் நீத்துப்பெட்டியும் வாங்கிக்கொண்டு குருநகருக்குப் போய் இறங்கியபோது கத்தரீனா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"சுறாப்புட்டுத் தெரியும் ரீச்சர். இதென்ன ஈரல்புட்டோ?"

"ஓம் அக்கா, ஈரல்புட்டுத்தான். ஈரல் ஆவியிலை வேகட்டும். எண்ணெய் சொட்டிக் கீழே தண்ணியிலை மிதக்கும். நெருப்பு அதைத் தொடாது."

கத்தரீனா நீத்துப்பெட்டியை வாங்கிப் பார்த்தாள். "அப்ப பித்தப்பையை முதல் எடுக்கவேணும். உடைஞ்சால் எல்லாம் கசந்துபோம்."

அந்த நேரம் பார்த்து வள்ளங்கள் ஒன்றாகக் கரைதட்டின. கடற்கரை முழுக்க ஒரே கூச்சல். கத்தரீனா மீன் கூறுபோட ஓடவேண்டியிருந்தது. கனிசியஸ் பெரிய சுறா ஒன்றின் ஈரலைக் கொண்டுவந்து வாழையிலையில் போட்டான். இளம் சாம்பல் நிறத்தில், வழுவழுவென்று, ஒரு குழந்தையின் நீளத்துக்கு அது கிடந்தது.

"ரீச்சர், அவ வாறதுக்குச் சுணங்கும். வெயில் ஏறுது. என்ன செய்யிறது?" என்றான் கனிசியஸ்.

ஞானாம்பிகை இலையைப் பார்த்தாள். கை கூசியது. மண்ணைத் தடவிய அந்தச் சின்னக் கை அவளுடைய கண்ணுக்குள் வந்து நின்றது. வளையல்களைக் கழற்றி மடியில் முடிந்தாள்.

"கத்தியைத் தாங்கோ."

பச்சைநிறப் பித்தப்பையை உடையாமல் அறுத்தெடுத்தாள். ஈரலைத் துண்டுதுண்டாக வெட்டி நீத்துப்பெட்டிக்குள் போட்டாள். கத்தரீனா திரும்பி வந்தபோது பானையிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. முழங்கை வரைக்கும் ஈரல் நெய் பூசினபடி ஞானாம்பிகை அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தாள்.

"அட மாதாவே!" என்றாள் கத்தரீனா. பக்கத்தில் வந்து குந்தி, விறகைக் கொஞ்சம் வெளியே இழுத்து நெருப்பைத் தணித்தாள்.

ஆறவைத்து, தண்ணீரில் மிதந்ததை அள்ளித் துணியில் வடித்தபோது எண்ணெய் பொன்போல இறங்கியது. இந்தமுறை ஞானாம்பிகை குழாயையும் குளோரபோமையும் திராவகத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். வாசலில் கத்தரீனாவும் கனிசியசும் அக்கம்பக்கத்துப் பெண்களும் சூழ்ந்து நிற்க, எண்ணெயைக் கரைத்து ஒரு துளி திராவகம் விட்டாள்.

துளி விழுந்த இடத்திலிருந்து நீலம் கிளம்பியது. நீலம் ஊதாவாகி, நாவற்பழச் சாறுபோலக் குழாய் முழுக்கப் பரவியது. யாரோ ஒரு பெண் கையைத் தட்டினாள்.

"என்ன ரீச்சர், மை ஊத்தினியளோ?"

"இல்லை அக்கா, உதுதான் சத்து! கடல்பாசியிலை பிறந்து, குஞ்சு மீனுக்குப் போய், அதைத் தின்ற மீனுக்குப் போய், கடைசியிலை சுறாவின்ரை ஈரலிலை வந்து சேர்ந்து கிடக்கு. முருங்கையிலையிலையும் பப்பாப்பழத்திலையும் இருக்கிற மஞ்சளுக்கு உறவுக்காரன் இவன்."

கறுப்புத் துணி சுற்றிய போத்தலோடு விடுதிக்கு வந்தவளை பள்ளிக்கூடத்தை நடத்துகிற முகாமையாளர் நமசிவாயம் வாசலிலேயே மறித்தார். நெற்றி நிறைய விபூதி பூசிய, நேர்மையான, பிடிவாதக்கார மனுஷர்.

"சைவப் பள்ளிக்கூடத்துக்குள்ளை சுறா எண்ணெயோ, ரீச்சர்? தாய் தேப்பனுக்கு நான் என்ன மறுமொழி சொல்லுறது?"

"முந்தி சீமையிலையிருந்து வந்த போத்தலும் மீன்தானே ஐயா? அதுக்கு நீங்கள்தானே கையெழுத்து வைச்சியள்?"

"அது மருந்து."

"இதுவும் மருந்துதான். அது வெள்ளைக்காரன்ரை மீன், இது எங்கடை மீன். வேறை வித்தியாசம் இல்லை."

நமசிவாயம் குனிந்து போத்தலைப் பார்த்தார். "பிள்ளையள் குடிக்குமோ உதை?" என்றார் கடைசியில்.

குடிக்கவில்லைதான். போத்தலைத் திறந்த உடனேயே பிள்ளைகள் முகத்தைத் திருப்பினார்கள். வாசனை அப்படி. எங்கள் வீட்டில் மீன் தின்பதில்லை என்று ஒருத்தி விம்மினாள்.

"எங்கடை வீட்டிலையும் தின்கிறதில்லை" என்றாள் ஞானாம்பிகை.

சின்னக் கரண்டியில் எண்ணெயை வார்த்தாள். எல்லோரும் பார்த்திருக்கத் தன் வாய்க்குள் விட்டு விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் முட்டியது, முகம் கோணவில்லை. கரண்டியைத் துடைத்து மறுபடி நிரப்பி நீட்டினாள்.

"பராசக்தி, வா."

பிள்ளை வந்தாள். வாயைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். நமசிவாயம் குசினிப் பக்கம் திரும்பி, "பிள்ளையளுக்கு வாய்க்குப் பனங்கட்டி கொண்டு வாங்கோ!" என்று சத்தம் போட்டார்.

டொக்டர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு துளிகூடப் போகாமல் ஞானாம்பிகை நாள்தோறும் கொடுத்தாள். ஒவ்வொரு பின்னேரமும் கண் தெரிகிறதா என்று கேட்க வாயெடுப்பாள், கேட்கமாட்டாள். பிள்ளைகளைப் பயமுறுத்தக்கூடாது என்று சும்மா இருந்தாள்.

ஒருநாள் பொழுது பட்டு முற்றம் மங்கிக் கிடந்தது. விளக்குகள் இன்னும் ஏற்றவில்லை. ஞானாம்பிகை கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். வேலிப் பக்கம் ஓடுகிற சத்தம். நிமிர்ந்து பார்த்தாள். பராசக்தி ஒரு கறுத்த ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டிருந்தாள். குட்டி வாழைகளுக்குள் புகுந்தது, அவளும் புகுந்தாள். குட்டி துள்ளித் திரும்பியது, அவளும் திரும்பினாள். கடைசியில் அதைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"ரீச்சர், முகத்திலை சவுக்கார நுரை இருக்கு" என்றாள்.

அந்த மங்கலில், கிணற்றின் மற்றப் பக்கத்தில் நின்று, அவள் அதைச் சொன்னாள்! ஞானாம்பிகை நுரையைத் துடைக்கவில்லை. பிள்ளையையும் ஆட்டுக்குட்டியையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். மற்றப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். அன்று பள்ளிக்கூட முற்றத்தில், நன்றாக இருட்டும்வரை, ஓடிப்பிடித்து விளையாட்டு நடந்தது. ஒருத்தியும் விழவில்லை.

டொக்டர் சண்முகநாதன் கொஞ்சம் எண்ணெயைக் கொழும்புக்கு அனுப்பிச் சோதிப்பித்தார். பிறகு தானே சைக்கிளை மிதித்துக்கொண்டு விடுதிக்கு வந்தார்.

"ரீச்சர், சீமை எண்ணெயைவிட எங்கடை சுறா எண்ணெய் எவ்வளவோ பலமாம்! ஆசுபத்திரிக்கு எவ்வளவு தருவியள்?"

"கத்தரீனா அக்காவைத்தான் கேக்கவேணும்" என்றாள் ஞானாம்பிகை.

கத்தரீனா மூன்று தெருப் பெண்களைக் கூட்டிச் சேர்த்தாள். வாடைக்காற்று முடிந்து சுறா நன்றாகப் பட்ட அந்தப் பருவத்தில், குருநகர்க் கரை நீளத்துக்கும் பானைகள் வரிசையாக ஏறின. வள்ளம் கரைதட்டும் முன்னமே, "ஈரல் இருக்கோ?" என்று பெண்கள் தண்ணீருக்குள் இறங்கிக் கேட்டார்கள். வெயில் படாமல் ஈரலை ஈரச் சாக்கில் பொதிந்து கொண்டுவரக் கனிசியஸ் மற்ற வள்ளக்காரருக்கும் காட்டிக் கொடுத்தான்.

ஒரு காலை ஞானாம்பிகை அங்கே எண்ணெய் சோதித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. நமசிவாயம் இறங்கினார். வண்டிக்குள் வைக்கோலுக்கு நடுவில் வெறும் போத்தல்கள் கலகலத்தன.

"அளவெட்டிப் பக்கத்துப் பிள்ளையளுக்கும் மாலைக்கண்ணாம்" என்றார் அவர், மணலில் கால் வைத்து, நிமிர்ந்து நின்று. "எல்லாம் சைவக் குடும்பங்கள். நான் கதைச்சுப் பாத்தன். ஓம் எண்டிட்டினம். நிரப்பித் தாங்கோ."

"எல்லாத்தையுமோ ஐயா?" என்றாள் கத்தரீனா.

"எல்லாத்தையும்."

கத்தரீனா ஞானாம்பிகையைப் பார்த்தாள். ஞானாம்பிகை கையிலிருந்த குழாயைத் தூக்கிப் பிடித்தாள். அன்றைய எண்ணெயில் விட்ட துளி அதற்குள் நல்ல ஊதாவாக விரிந்துகொண்டிருந்தது.

"நிரப்புங்கோ அக்கா" என்றாள்.