பெருஞ்சேத்தன் லைனில் இருக்கிறார்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு வரும். நல்ல சிரிப்பு. எங்கே வருமென்று இப்போதே சொல்லிவிட்டால் நீங்கள் நேராக அங்கே போய் உட்கார்ந்துகொள்வீர்கள். அதனால் முதலில் தங்கப்பழத்தின் போனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கோவில்பட்டியில் சிறுவர்களுக்கு வரலாறு எழுதுகிறவர் வீட்டுக்கு, புத்தகத்தில் வருகிறவர்கள் போன் செய்வார்கள். செத்து எத்தனை நூற்றாண்டு ஆகியிருந்தாலும் சரி, செவ்வாய்க்கிழமை மதியம் மூன்றிலிருந்து நாலு மணி வரை. பெரியவர்களுக்கு எழுதப்படும் வரலாற்றை அவர்கள் கண்டுகொள்வதில்லை. பெரியவர்கள் எப்படியும் நம்பப்போவதில்லை. சின்னப் பிள்ளைகள் நம்பிவிடும். ஆகவே புத்தகம் அச்சுக்குப் போகுமுன் சம்பந்தப்பட்டவர் வாயால் ‘ஆட்சேபம் இல்லை’ என்று வாங்கியாக வேண்டும். வாங்காவிட்டால் எந்த அச்சகமும் தொடாது.

தங்கப்பழம் இருபத்துநாலு வருடமாக வாங்கிவருகிறார். மன்னர் பேசினால் எழுந்து நிற்பார். மந்திரி என்றால் உட்கார்ந்திருப்பார். தளபதி என்றால் நாற்காலியின் நுனி. சட்டை போடாமல் ரிசீவரை எடுத்ததே கிடையாது.

மன்னர்கள் சாதாரணமாகத்தான் பேசுவார்கள்.

“ஹலோ, தங்கப்பழமா? பதினாலாம் பக்கத்துல என்னயக் குள்ளம்னு போட்டிருக்கீங்க.”

“கல்வெட்டுல அப்படித்தான் இருக்கு அரசே.”

“கல்வெட்ட வெட்டுனவன் என் மச்சான். அவன் பேச்ச விடுங்க. உயரம்னு போடுங்க.”

தங்கப்பழம் உயரம் என்று போடுவார். தோல்வி என்று எழுதியிருந்தால் அது முதல் செவ்வாயில் பின்வாங்கல் ஆகும், இரண்டாம் செவ்வாயில் ஓய்வு ஆகும், மூன்றாம் செவ்வாயில் வெற்றி ஆகிவிடும். இப்படி எழுதப்பட்ட பத்தொன்பது புத்தகங்களில் பத்தொன்பது மன்னர்களும் உயரமாக இருந்தார்கள், வென்றார்கள், குளம் வெட்டினார்கள். சாத்தூரிலிருந்து ஒரு சிறுமி தபால் அட்டையில் கேட்டிருந்தாள்: ‘சார், எல்லா புக்கிலும் ஒரே ராஜாதானா? ஆமாம் என்றால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தம்பிக்குக் கொடுத்துவிடுவேன்.’ தங்கப்பழம் பதில் போடவில்லை. அட்டைப்படத்தைப் பார்க்காமல் எது எந்த மன்னர் என்று அவருக்கே தெரியாது.

இருபதாவது புத்தகத்துக்குக் கையெழுத்துப் போடும்போது பதிப்பாளர் ரஞ்சிதமணி சொன்னார்:

“சார், இதுவும் ரெண்டாம் பதிப்புப் போகலேன்னா வரலாற்று வரிசைய மூடிருவோம். உங்களுக்கு வேற வேல வச்சிருக்கேன்.”

“என்ன வேல மேடம்?”

“புள்ளிகளை இணைத்துப் படம் வரைதல்.”

“நான் படம் வரையணுமா?”

“வேண்டாம். புள்ளி மட்டும் வைங்க. பிள்ளைங்க இணைச்சுக்கும்.”

அன்றிலிருந்து வெள்ளைக் காகிதத்தைக் கண்டால், அதில் புள்ளி விழுமுன் தங்கப்பழம் அவசரமாக ஏதாவது ஒரு வரி எழுதிவைத்தார்.

இருபதாவது மன்னர் கூகைமலை நாட்டுப் பெருஞ்சேத்தன். அவரைப் பற்றிக் கிடைத்தது ஒரே ஒரு கல். அதில் ‘பெருஞ்சேத்தன்’ என்றும் ‘யானை’ என்றும் இருந்தது. அதற்கு மேல் கல் உடைந்திருந்தது. தங்கப்பழம் எண்பது பக்கம் எழுதி முடித்து, சட்டை போட்டுக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்தார். ஐந்து செவ்வாய்க்கிழமைகள் போயின. பெருஞ்சேத்தன் கூப்பிடவில்லை. 

சிரிப்பு இன்னும் வரவில்லைதான். வரும்.

ஆறாவது செவ்வாய் மூன்று மணி ஐந்து நிமிடத்துக்குப் போன் அடித்தது.

“யாம் பெருஞ்சேத்தன் பேசுகிறோம்!”

தங்கப்பழத்துக்குப் புல்லரித்துவிட்டது. இருபத்துநாலு வருடத்தில் ஒரு மன்னரும் ‘யாம்’ என்று சொன்னதில்லை. அவருடைய புத்தகங்களில்தான் மன்னர்கள் அப்படிப் பேசுவார்கள். கடைசியில் ஒருவர், தங்கப்பழம் எழுதுகிறபடியே பேசுகிற மன்னராகக் கிடைத்துவிட்டார். குரலில் குகைக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு முழக்கம் வேறு.

முழக்கம் எவர்சில்வர் குடத்திலிருந்து வந்தது. குடம் அடுத்த வீட்டில் இருந்தது. குடத்துக்குள் வாயை வைத்துப் பேசியவள் ஜெபசெல்வி, பதினொன்றாம் வகுப்பு. தலைமையாசிரியை குரலில் ஒரு முறை பள்ளிக்கூடத்துக்கே அரைநாள் லீவு விட்டவள். கோலப்பொடிக்காரர், பஸ் கண்டக்டர், குக்கர், எல்லாம் அவள் தொண்டையில் உண்டு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். தங்கப்பழம் மன்னர்களிடம் கெஞ்சுவது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மனப்பாடம்.

இது நமக்குத் தெரிந்தால் போதும். தங்கப்பழத்துக்குத் தெரியாது.

“அரசே, போர்ல நீங்க ஜெயிச்சதாத்தான் போட்டிருக்கேன்.”

“தோற்றோம்.”

பேனா நின்றது. “என்ன சொன்னீங்க?”

“தோற்றோம், புலவரே. யானைக்குப் பயந்து ஓடினோம்.”

“எதிரியோட யானையா?”

“எமது யானைதான். ஒன்றே ஒன்று.”

அதைத் தொடர்ந்து ரிசீவருக்குள் ‘க்ளுர்க்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அடைத்த குழாயில் தண்ணீர் திடீரென்று வழிகண்டதுபோல இருந்தது. தங்கப்பழம் ஓரத்தில் குறித்துக்கொண்டார்: மன்னர் சிரித்தார்.

“ஏ ஜெபா! கொடில கெடக்க துணிய எடு, மழ வருது!” என்று தூரத்தில் ஒரு பெண்குரல் கேட்டது.

“யார் அரசே அது?”

“எமது அரண்மனைத் தோழி.”

தங்கப்பழம் ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் சேர்த்தார்: ‘மழை வருமுன் துணி எடுப்பதில் கூகைமலை நாட்டார் விழிப்போடு இருந்தனர்.’

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, முப்பத்தாறாவது ‘க்ளுர்க்’ முடிந்து, மன்னர் ஆட்சேபம் இல்லை என்று சொல்லிவிட்டார். 

புத்தகம் ஆறு பதிப்பு போயிற்று. தன் யானைக்கே பயந்து ஓடிய மன்னரைப் பிள்ளைகள் தூக்கிவைத்துக் கொண்டாடின. ‘மன்னர் சிரித்தார்’ என்ற வரி முப்பத்தாறு இடத்தில் வந்தது. வகுப்பில் அந்த வரி வரும்போதெல்லாம் பிள்ளைகள் சேர்ந்து சிரித்தன. பள்ளிக்கூடத்தில் அதைப் பாடமாகவே வைத்துவிட்டார்கள். சாத்தூர்ச் சிறுமி, இதைத் தம்பிக்குக் கொடுப்பதாக இல்லை என்று எழுதினாள். ரஞ்சிதமணி புள்ளிகளைப் பற்றிப் பேசவே இல்லை.

பழைய மன்னர்கள் பத்தொன்பது பேரும் திரும்பவும் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

“அவரு ஒரு தடவதான ஓடுனாரு? எனக்கு ஏழு தடவ போடுங்க.”

“நீங்க ஓய்வெடுத்ததாத்தான அரசே...”

“ஓய்வாவது ஒண்ணாவது! தல தெறிக்க ஓடுனேன்னு போடுங்க.”

பதினாலாம் பக்கத்து மன்னரும் வந்தார். “குள்ளம்னு போடுங்க. ரொம்பக் குள்ளம். என் மச்சான் சொன்னதுதான் சரி.”

ஜெபசெல்வியும் விடவில்லை. செவ்வாய் தோறும் மதியம் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு மூன்று மணிக்குக் குடத்தைத் தூக்கினாள். மன்னருக்குப் பல்வலி என்பாள், தங்கப்பழம் குறித்துக்கொள்வார். பிறகு ‘க்ளுர்க்’.

காலாண்டுத் தேர்வு வந்தது. ‘பெருஞ்சேத்தனிடம் இருந்த யானைகள் எத்தனை?’ என்று ஒரு கேள்வி. தானே சொன்ன விஷயம்தானே என்று ஜெபசெல்வி படிக்காமல் போனாள். எழுதும்போது மூன்று என்று தோன்றியது. மூன்று என்று எழுதினாள். பூஜ்யம் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை விடைத்தாளோடு தங்கப்பழத்தின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“மாமா, மூணும் சரிதான்னு ஒரு லெட்டர் குடுங்க. எங்க டீச்சர் மார்க் போட்டுருவாங்க.”

“மன்னர் ஒண்ணுன்னு சொல்லிருக்காரே பாப்பா.”

“மறந்து சொல்லிருப்பாரு.”

“மன்னருக்கு மறக்காது. இரு, மூணு மணி ஆகப்போகுது. அவருகிட்டயே கேட்டுருவோம். முறுக்குச் சாப்பிடு.”

“இன்னைக்கு அவரு பேச மாட்டாரு மாமா.”

“ஏன்?”

“சும்மா தோணுச்சு,” என்று ஜெபசெல்வி ஒரு முறுக்கை முழுசாக வாயில் போட்டாள்.

போன் அடித்தது.

தங்கப்பழம் மேல்பட்டனைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்று எடுத்தார். பக்கத்திலிருந்தவர்களுக்கும் கேட்கிற அளவு தெளிவான லைன்.

“ஹலோ, தங்கப்பழமா? கூகைமலை பெருஞ்சேத்தன் பேசுறேன்.”

முறுக்கு கடிபடும் சத்தம் நின்றது.

“சொல்லுங்க அரசே. குரல் ஒரு மாதிரி இருக்கே?”

“எனக்கு ஒரே குரல்தான். மொத அஞ்சு வாரம் உங்ககிட்டப் பேசத் தைரியம் வரல. வந்தப்ப லைன் எங்கேஜ்டு. அப்புறம் பாத்தா எனக்கு முன்னால பத்தொம்பது பேரு நிக்காங்க. இன்னைக்குத்தான் கெடச்சுது.”

சளி பிடித்திருக்கிறது, போன வாரம் பேசியதும் மறந்துவிட்டது, இத்தனை நூற்றாண்டு ஆனால் யாருக்கும் மறக்கும் என்று தங்கப்பழம் நினைத்துக்கொண்டார்.

“புத்தகத்தக் கேட்டேன்,” என்றார் மன்னர். “பிள்ளைங்க சத்தமாப் படிக்கிறது இங்க கேக்கும்.”

தங்கப்பழத்தின் கண்முன்னால் ஒரு வெள்ளைக் காகிதம் வந்தது. அதில் முதல் புள்ளி விழுந்தது. இரண்டாவது விழுந்தது.

“எனக்கு ஆட்சேபம் இல்ல,” என்றார் மன்னர். “பயந்தது உண்மதான். யானைக்குத்தான் ஆட்சேபம். பக்கத்துல நிக்கிது, குடுக்கேன்.”

யானை பேசினால் நிற்பதா உட்காருவதா என்று தங்கப்பழத்துக்கு வழக்கம் ஏதும் இல்லை. ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் அப்படியே நின்றார்.

“வணக்கம்,” என்றது யானை. நிதானமான பெண்குரல். “மன்னர் சிரித்தார்னு முப்பத்தாறு எடத்துல போட்டிருக்கீங்க. அது தப்பு. இவரு சிரிச்சதே இல்ல. நான் கடைசி வரைக்கும் கூட இருந்தவ.”

“என் காதால கேட்டேம்மா.”

“எப்படி இருந்துச்சு?”

தங்கப்பழத்துக்கு மிமிக்ரி வராது. ஆனாலும் வரலாற்று ஆசிரியர் ஆதாரம் காட்டாமல் இருக்க முடியாது. தொண்டையைச் செருமிக்கொண்டு, மிகுந்த பொறுப்போடு, “கு... க்ளூ... ர்ர்க்கு” என்றார்.

எதிர் நாற்காலியில் முறுக்கு நிறைந்த வாயைத் தாண்டிக்கொண்டு வந்தது.

க்ளுர்க்.

முறுக்குத் தூள் விடைத்தாள் முழுக்கத் தெறித்தது. தங்கப்பழம் ரிசீவரைப் பார்த்தார். ஜெபசெல்வியைப் பார்த்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவரைப் பார்த்தார். யாம், அரண்மனைத் தோழி, கொடியில் கிடந்த துணி, முப்பத்தாறு சிரிப்பு. காகிதத்தில் விழுந்திருந்த புள்ளிகள் ஒவ்வொன்றாக இணைந்தன. படத்தில் ஜெபசெல்வி குடத்தோடு நின்றாள்.

“இப்பக் கேட்டதே, அதான?” என்றது யானை. “அந்தப் பிள்ளகிட்டப் போனக் குடுங்க.”

தங்கப்பழம் ரிசீவரை நீட்டினார்.

“வாயத் தொடச்சிட்டு, எந்திரிச்சு நின்னு பேசு,” என்றார். “அங்க யானைங்க எத்தன பேருன்னும் அப்படியே கேட்டுக்கோ.”