மீட்டர் யார் கையில்

மாலை வகுப்பில் இன்று பரீட்சை. எரிகிற பல்பின் வோல்டேஜைச் சரியாக அளந்து காட்டுபவருக்குத்தான் அடுத்த வகுப்பு. அங்கேதான் மோட்டார் சொல்லித் தருவார்கள். தையற்காரம்மா சேர்ந்ததே அதற்காக. அவளுடைய தையல் மெஷின் மோட்டாரை வீட்டுக்காரர் எத்தனையோ முறை சரி செய்துவிட்டார். ஒவ்வொரு முறையும் அது முன்னைவிடப் பலமாகக் கத்துகிறது. பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகரான அந்த மனிதர், யாரும் கூப்பிடாமலே துணைக்கு வந்து தானும் வகுப்பில் சேர்ந்துகொண்டார்.

மேஜைக்கு ஒரு மீட்டர். அதை அவர் விட்டால்தானே!

"தள்ளு, நான் பாத்துக்கறேன்" என்றார். ஒன்பது வோல்ட் பேட்டரி, மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ஒரு ரெசிஸ்டர், சிவப்பாக எரியும் சின்ன எல்.இ.டி. பல்பு, மொத்தமே அவ்வளவுதான். மனிதர் பல்புக்குப் போகிற ஒயரைப் பிடுங்கி, நடுவில் மீட்டரை மாட்டினார். பல்பு அணைந்தது.

"ஏழரை!" என்று முழங்கினார்.

அது தெரிந்த விஷயம்தான் என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

வாத்தியார் எட்டிப் பார்த்தார். "பல்பு எரியலையே?"

"அளக்கறப்ப எப்படி சார் எரியும்? செக்கிங் நேரத்துல பஸ் ஓடுமா?"

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவளுக்கு மானம் போயிற்று. மீட்டரை வெடுக்கென்று வாங்கினாள்.

"ஏங்க, இடுப்பளவு எடுக்க யாராவது ஆளை ரெண்டா வெட்டுவாங்களா?"

ஒயரைப் பழையபடி மாட்டினாள். பல்பு எரிந்தது. எரியும்போதே அதன் ஒரு காலில் மீட்டரின் சிவப்பு முனையையும் மறு காலில் கறுப்பு முனையையும் வைத்தாள். இரண்டு வோல்ட்.

"ஒன்பது குடுத்தா ரெண்டுதானா? மீதி ஏழு வோல்ட்டை எவன் அமுக்கினது?" வீட்டுக்காரருக்கு உத்தியோக புத்தி விழித்துக்கொண்டது.

அவள் ரெசிஸ்டரின் இரு பக்கமும் முனைகளை வைத்துக் காட்டினாள். ஏழு.

அவளுக்கு மட்டும் அடுத்த வகுப்பு என்றார் வாத்தியார். சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்காரரோ தெருமுனை வரை நாலடி பின்னாலேயே நடந்து வந்தார்.

"அப்ப, இனிமே மெஷின் நின்னா என்னைக் கூப்பிட மாட்டே" என்றார் கடைசியில். "அதுக்கு ஒண்ணுக்குத்தான் என்னைக் கூப்பிடுவே."

அவளுக்குப் பாவமாகிவிட்டது. மெஷினில் உட்கார்ந்துவிட்டால் அவள் தலை நிமிர்வதில்லை என்பது உண்மைதானே.

"கூப்பிடுவேங்க. டார்ச் பிடிக்க ஆள் வேணுமே. ஆனா எதையும் கழட்டக் கூடாது."

"ஒரு ஸ்க்ரூ கூடவா?" என்றார் அவர்.