அறுபத்தொன்பது படிகள்

பிரிஸ்காவின் வீட்டுக்கு ஏறும் சந்தில் அறுபத்துமூன்று கல்படிகள் இருந்தன. வெளியூர்க்காரி ஒருத்தி வந்து அவள் மாடியறையில் வாடகைக்குத் தங்கிய மறுநாள் விடியும்போது அறுபத்துநான்கு இருந்தன. புதிய படி எதுவென்று யாராலும் சொல்ல முடியவில்லை. எல்லாமே ஒன்றுபோல நடுவில் தேய்ந்து, ஓரத்தில் பாசி பிடித்து, இருநூறு வருஷம் மிதிபட்டவையாகவே இருந்தன. குவானஹுவாத்தோ நகரத்தில் பாதித் தெருக்கள் படிகள்தான், ஆகையால் ஒன்று கூடியதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். கண்டுபிடித்தது கேஸ் சிலிண்டர் சுமக்கும் செவேரோ.

"அக்கா, நேத்து அறுபத்துநாலு. இன்னைக்கு அறுபத்தஞ்சு. என் முழங்கால் பொய் சொல்லாது."

"உன் முழங்கால் காலையிலேயே குடிச்சிருக்கும். வச்சுட்டுப் போ."

அவன் போனதும் பிரிஸ்கா எண்ணிக்கொண்டே இறங்கி, எண்ணிக்கொண்டே ஏறினாள். அறுபத்தைந்துதான்.

வந்தவள் பெயர் லெயோனிலா. வடக்கே பாலைவனத்தில் ஏதோ ஓர் ஊரைச் சொன்னாள். கேட்டவர்களுக்கெல்லாம் சாயங்காலத்துக்குள் அந்தப் பெயர் மறந்துபோனது. மூன்று நாள் என்று சொல்லி வந்தவள் நான்காம் நாளும் கிளம்பவில்லை. இந்த ஊருக்கு வருகிறவர்கள் நாடகசாலையைப் பார்ப்பார்கள், காட்சிக்கு வைத்திருக்கும் உலர்ந்த பிணங்களைப் பார்ப்பார்கள், வெல்வெட் அங்கி போட்டுப் பாடிக்கொண்டு போகும் மாணவர்களின் பின்னால் சந்து சந்தாக அலைவார்கள். இவள் எதற்கும் போகவில்லை. ஜன்னலருகே உட்கார்ந்து படிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைக்கூடப் பிரிஸ்கா பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் அவரைக்கு உப்புப் போதவில்லை என்று எழுந்தவள், எங்கே இருக்கிறது என்று கேட்காமல், சரியான அலமாரியைத் திறந்து உப்பை எடுத்தாள். சமையலறையில் ஆடும் தளக்கல்லை மிதிக்காமல் தாண்டி நடந்தாள்.

பிரிஸ்காவின் கணவன் அனஸ்தாசியோ வடக்கே வேலை தேடிப் போய்ப் பதினோரு வருஷம். முதல் வருஷத்தோடு கடிதம் நின்றுவிட்டது. அன்றிலிருந்து அவள் பழுப்பு நிறம்தான் உடுத்தினாள். கறுப்பு உடுத்தினால் அவனைக் கொன்றதாகும், வண்ணம் உடுத்தினால் மன்னித்ததாகும் என்று யோசித்தே எடுத்த முடிவு. அவன் செத்தானா, வேறொருத்தியோடு இருக்கிறானா என்ற கேள்வியோடு படுத்து எழுந்து பழகியிருந்தாள். இப்போது சூப்புக் கிண்ணத்தோடு மாடிக்கு ஏறும்போதெல்லாம், அவன் செத்திருந்தால் தேவலை என்று தன் மனம் சொல்வதைக் கேட்டாள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் மனம் அதையே சொன்னது.

வியாகுல மாதா வெள்ளியன்று படிகள் அறுபத்தொன்பது ஆயின. பெரிய வெள்ளிக்கு முந்தின அந்த வெள்ளியில் எல்லா வீட்டிலும் ஊதாத் துணி விரித்து, முளைவிட்ட கோதுமையும் தங்கத்தாள் கொடி குத்திய புளிப்பு ஆரஞ்சும் வைத்து மாதாவுக்குப் பீடம் கட்டுவார்கள். வருகிறவர்கள் வாசலில் நின்று, "மாதா அழுதாச்சா?" என்று கேட்க வேண்டும். "அழுதாச்சு" என்று வீட்டார் ஒரு டம்ளர் பழத்தண்ணீர் கொடுப்பார்கள். அதுதான் மாதாவின் கண்ணீர். கேட்டவருக்கு இல்லையென்று சொல்லக் கூடாது. அனஸ்தாசியோ மட்டும் ஒவ்வொரு வருஷமும் சொந்த வீட்டு வாசலில் தொப்பியைக் கழற்றி நின்றுகொண்டு வேறு மாதிரி கேட்பான். அதைக் கேட்டுப் பிரிஸ்கா சிரிப்பாள்.

அன்று மாலை லெயோனிலா மாடியிலிருந்து இறங்கி, வெளியே போய், வாசலில் திரும்பி நின்றாள். கையில் சின்னப் பெட்டி.

"அம்மா அழுது முடிச்சாங்களா, இல்ல நான் அப்புறம் வரட்டுமா?"

பிரிஸ்கா டம்ளரைக் கீழே போடவில்லை. வழக்கப்படி நீட்டினாள். மற்றவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"அவன் எங்க?"

"பெட்டியில."

உள்ளே ஒரு ஜோடி சப்பாத்து இருந்தது.

"காய்ச்சல்ல போயிட்டாரு. மூணு வருஷமாச்சு," என்றாள் லெயோனிலா. "ஏழு வருஷம் என்கூட இருந்தாரு. ஏழு வருஷமும் தூக்கத்துல உங்க படியத்தான் ஏறினாரு. வாசல் வந்துடுச்சுன்னு நெனைக்கிறப்போ இன்னும் ஒண்ணு கூடிடுதுன்னு அழுவாரு."

"ஏழு வருஷம் உன் சோத்தைத் தின்னுட்டு என் படிய ஏறினானாக்கும்," என்றாள் பிரிஸ்கா. இந்தக் கதையையும் அவள் முழுதாக நம்பவில்லை. சப்பாத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள். இடது குதிகால் வெளிப்பக்கமாகத் தேய்ந்திருந்தது, அவன் நடை. பிறகு அறுபத்தொன்பது படியும் இறங்கி, முதல் படியில் அவற்றை வைத்தாள்.

"இவ்வளவு தூரம் வந்தவன், மிச்சத்தையும் நடந்தே வரட்டும்."

மறுநாள் படி கூடவில்லை. பிறகு எப்போதும் கூடவில்லை. பிரிஸ்கா கறுப்பு உடுத்தினாள். லெயோனிலாவுக்கும் தன்னுடையதிலிருந்து ஒன்றை வெட்டித் தைத்துக் கொடுத்தாள், போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் வியாகுல மாதா வெள்ளி விடிந்தபோது சப்பாத்து இரண்டாம் படியில் இருந்தது. அதற்கடுத்த வருஷம் மூன்றாம் படியில். லெயோனிலாதான் நகர்த்துகிறாள் என்பது பிரிஸ்காவின் சந்தேகம். பிரிஸ்காதான் என்பது லெயோனிலாவின் சந்தேகம். ஒரே அடுப்பில் சமைத்தும் இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதில்லை. செவேரோ சிலிண்டரோடு அந்தச் சப்பாத்தைச் சுற்றிக்கொண்டு ஏறுகிறான்.

இந்த வருஷம் அது ஒன்பதாம் படியில் இருக்கிறது. "இப்படியே போனா வாசலுக்கு வர இன்னும் அறுபது வருஷமாகும்க்கா," என்றான் செவேரோ.

பிரிஸ்கா ஆரஞ்சில் கொடி குத்திக்கொண்டிருந்தாள். "வரட்டும்," என்றாள். "தண்ணி எடுத்து வச்சிருக்கோம்."