கொக்கியில் தொங்கிய முகம்

தையற்காரியின் பழைய முகம் லேசர் சிகிச்சை முடிந்த ஒரு வாரத்தில் முழுசாக உரிந்து வந்தது, ஒரு கிழிசல்கூட இல்லை. துண்டுத் துணியையும் வீணாக்காதவள் என்பதால், குப்பையில் போட மனம் வராமல் அதைக் குளியலறைக் கொக்கியில் மாட்டினாள். கண்ணோரச் சுருக்கங்கள், கன்னத்துப் பருக்குழிகள் எல்லாம் அதில் அப்படியே இருந்தன. அளவு கொடுக்க வந்த ஒருத்தி அவளைக் கணவனுக்கு அக்கா என்று நினைத்துவிட்டதுதான் இத்தனைக்கும் காரணம்.

வீங்கும், சிவக்கும், எரியும், பிறகு உரியும் என்று டாக்டரம்மா சொன்னபடியே எல்லாம் நடந்தது. "வெயில்ல போகாதீங்க, கையால பிய்க்காதீங்க, கொஞ்ச நாளைக்குச் சிரிக்கவும் வேணாம்" என்றும் சொல்லியிருந்தார். பொறாமை வரும் என்று மட்டும் சொல்லவில்லை.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் அடிக்கும் கூத்தை வீட்டில் வந்து சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. களிம்பு பூசிய புதுமுகம் பிடித்துவைத்த பிள்ளையாராக உட்கார்ந்திருக்க, கொக்கியில் இருந்த பழசு கலகலவென்று சிரித்தது. மறுநாள் அவர் குளியலறை வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டார்.

"அவகிட்ட அப்படி என்ன பேச்சு உங்களுக்கு?"

"நீதான் சிரிக்கக் கூடாதே. கேக்க ஒரு ஆள் வேணாமா?"

எனக்கு நானே சக்களத்தியா என்று அவளுக்கு வயிறு எரிந்தது. முக எரிச்சலுக்குக் களிம்பு இருந்தது, இதற்கு இல்லை. பழசைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். அது உள்ளே இருந்தபடியே சிரித்தது. அவர் நாற்காலியைப் பீரோ முன்னால் நகர்த்திக்கொண்டார். தெருவே அவள் முகத்தைப் பார்த்து வாய் பிளந்தது, பார்க்க வேண்டியவர் பீரோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா அனுமதிக்கும்வரை அவள் காத்திருக்கவில்லை. லிஃப்டில் மாட்டிக்கொண்ட புது மாப்பிள்ளையின் கதையை அவர் பீரோவிடம் ஆரம்பித்ததும், குறுக்கே போய் நின்று, பழசு வாய் திறக்கும் முன்பே சிரித்தாள். வீம்புக்குத் தொடங்கிய சிரிப்பு பாதியில் நிஜமாகிவிட்டது. பூட்டைத் திறந்து பார்த்தால் பழசின் கண்ணோரத்தில் ஒரு சுருக்கத்தைக் காணோம். அது இவள் கண்ணோரத்தில் இருந்தது. அவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டார்.

அடுத்த முறை டாக்டரம்மா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "இந்தச் சுருக்கம் எங்கேருந்து வந்துச்சு?"

"அவகிட்டேருந்து பிடுங்கினேன். இன்னும் நிறைய பாக்கி இருக்கு."

சில வருஷங்களில் மிச்சச் சுருக்கங்களும் வந்து சேர்ந்தன. பழைய முகம் இப்போது சுருக்கமே இல்லாமல் பளபளவென்று மறுபடியும் குளியலறைக் கொக்கியில் தொங்குகிறது, சிரிப்பதில்லை. பாவம் என்று தையற்காரி அதற்கும் தினமும் களிம்பு பூசுகிறாள். அவர் குளிக்கப் போகும்போது மட்டும் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டிவிடுகிறாள்.