பிரேக் கத்திக்கொண்டே இருக்கட்டும்

தெருமுனையில் கிறீச்சென்று ஒரு சத்தம். தையல்காரரின் கால் மெஷின் மிதியிலேயே நின்றது. அடுத்த கிறீச் வழக்கம்போல மருந்துக்கடை வாசலில். அப்புறம் வீட்டு வாசலில்தான் கேட்க வேண்டும். இன்று நடுவில், திருப்பத்தில், கூடுதலாக ஒன்று கேட்டது.

அவர் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். மோட்டார் சைக்கிளில் போய் வருகிறாள். பிரேக் கத்தத் தொடங்கியதிலிருந்து, அவள் எங்கெங்கே நிற்கிறாள் என்பது உட்கார்ந்த இடத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

"திருப்பத்துல யாருகிட்ட நின்ன?"

அவள் இன்னும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "பூனை குறுக்க வந்துச்சுங்க."

"பூனையா? ஆண் பூனையா, பெண் பூனையா?"

"நாளைக்குப் பிடிச்சிட்டு வரேன், நீங்களே விசாரிச்சுக்குங்க. அந்த பிரேக்கை எப்பத்தான் பாக்கப் போறீங்க? அழுத்தினா சத்தம்தான் வருது, வண்டி நிக்க மாட்டேங்குது."

"எல்லாம் ஈரம். காஞ்சா தானா சரியாயிடும்."

மறுநாள் அவளுக்கு விடுமுறை. காலையிலேயே சாவியை எடுத்தாள். "நானே பட்டறையில விட்டுட்டு வரேன்."

அவருக்குச் சுருக்கென்றது. இவளுக்கு ஏன் இத்தனை அவசரம்? சத்தம் போனால் யாருக்கு வசதி? சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு கிளம்பினார். தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு, 'மெக்கானிக் ஒண்ணும் இல்லைன்னுட்டான்' என்று சொல்லிவிடுவதாகத் திட்டம்.

திருப்பத்தில் ஒரு தள்ளுவண்டி குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தார். தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறியதே தவிர, வண்டி நிற்கவில்லை. ஒடித்துத் திருப்பி, சுவரில் இடித்து விழுந்தார்.

பட்டறையில் மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துத் தலையில் கை வைத்தான். "பிரேக் ஷூ சுத்தமாத் தேஞ்சிடுச்சுண்ணே. இரும்பும் இரும்பும் உரசுது. தினமும் இதையா ஓட்டுறீங்க?"

"நான் ஓட்டல..." என்றார். உடனே புது ஷூ மாட்டச் சொன்னார்.

முழங்காலில் ரத்தத்தோடு வந்தவரைப் பார்த்து அவள் பதறிப்போனாள். காயத்தைக் கழுவும்போது அவர் எல்லாவற்றையும் சொன்னார், சொல்ல நினைத்திருந்த பொய் உட்பட. அவள் கை நின்றது.

"அப்போ வண்டி நிக்குதாங்கிறது உங்களுக்குப் பெருசில்ல. நான் எங்க நிக்கிறேங்கிறதுதான் பெருசு."

"தப்புதான்..."

"கட்டினவளை வேவு பாக்கிறதை அக்கறைன்னு நினைச்சுக்கிறீங்க. சந்தேகம் யாரையும் காப்பாத்தாதுங்க. கூட இருக்கிறவங்க உயிரைத்தான் குடிக்கும்."

கட்டுப் போட்டு முடித்ததும் கையை நீட்டினாள். "சாவியைக் குடுங்க. வெளிய போகணும்."

'எங்கே?' என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தார்.

"பாத்துப் போயிட்டு வா."