ஐந்தில் ஒரு பங்கு அம்மா

எங்கள் ஊரில் படித்து முடித்தவர்கள் ஒரு போர்விமானம் செய்து பறக்கவிட்டுக் காட்ட வேண்டும். நிஜ விமானத்தின் ஐந்தில் ஒரு பங்கு அளவு. தரையில் நின்று ரேடியோவில் ஓட்ட வேண்டும். கிளப்பி, வட்டமடித்து, திரும்ப இறக்கிவிட்டால் படித்ததாகக் கணக்கு. இறக்காவிட்டால் படிக்கவில்லை என்று கணக்கு. இதில் யாருக்கும் வருத்தமில்லை. எங்கேயாவது ஓர் இடத்தில் கோடு போட வேண்டுமல்லவா.

நான் விமானப் பொறியியல் படித்தவள். விமானத்தில் ஏறியதில்லை. எங்கள் கல்லூரியில் ஓர் என்ஜின் இருந்தது. அதைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். ஆயுதபூஜை அன்று மட்டும் துணியை விலக்கிச் சந்தனம் வைப்பார்கள். நான்கு வருடத்தில் அந்த என்ஜினை நான்கு தடவை பார்த்தேன்.

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதைச் சொன்னால் சிலர் கண் கலங்குகிறார்கள். எனக்கு எரிச்சலாக வருகிறது. முதல் ஆள் என்றால் வீட்டில் பழைய விமானம் எதுவும் இல்லை என்று அர்த்தம். மற்ற வீடுகளில் தாத்தா பறக்கவிட்டது பரண்மேல் கிடக்கும். தூசி தட்டி, பெயின்ட் அடித்து, பேரன் எடுத்துக்கொண்டு போவான். போய்த் தன் சொந்த முயற்சி என்பான்.

நான் ஹரிக்கேனைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டாம் உலகப் போரில் பறந்த விமானம். வீரத்துக்காகவெல்லாம் இல்லை. அதன் உடம்பில் பின்பாதி துணி. திருப்பூரில் துணிக்குப் பஞ்சமில்லை. அம்மா வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் கழித்துப்போட்ட துணி மூட்டை மூட்டையாகக் கிடைத்தது. பால்சா என்ற லேசான மரத்தில் எலும்புக்கூடு கட்டினேன். துணியை இழுத்து ஒட்டி மேலே வார்னிஷ் பூசினேன். காய்ந்ததும் பறை மாதிரி விறைத்துக்கொண்டது. தட்டினால் சத்தம் வந்தது.

எங்களுடையது வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு. ஒரே அறை. இறக்கை அதைவிட நீளம். அதன் ஒரு முனை ஜன்னல் வழியாகப் போய்ப் பக்கத்து வீட்டு ரேவதியக்காவின் சமையலறையில் நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அதில் கரண்டிகளை மாட்டினார். கேட்டதற்கு, என் வீட்டுக்குள் வந்தது என் வீட்டுச் சாமான் என்றார். நியாயமாகப் பட்டது.

எல்லாம் முடிந்தபோது விமானி இருக்கை மட்டும் காலியாக இருந்தது.

பொம்மை வைக்கக் கூடாது. ஆள்தான் இருக்க வேண்டும். அந்த ஆளும் ஐந்தில் ஒரு பங்கு அளவில் இருக்க வேண்டும். மூன்று தலைமுறையாகப் படித்த வீடுகளில் இதற்கென்றே ஒருவரைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருப்பார்கள். மீசையெல்லாம் முறுக்கி, கண்ணாடியெல்லாம் மாட்டி. அப்படி ஒரு வீட்டில் போய்க் கேட்டேன். ஒரு நாளைக்கு மட்டும் தந்தால் போதும், பத்திரமாகத் திருப்பித் தருகிறேன் என்றேன். வீட்டுக்காரம்மா என்னை வாசலிலேயே நிறுத்தி வைத்துவிட்டு உள்ளே போய் அலமாரியிடம் பேசிவிட்டு வந்தார்.

"எங்க ஆளு வேற வீட்டு விமானத்துல உக்கார மாட்டாருங்களாமா" என்றார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். அப்பா பீடியை அணைத்தார். "இதுக்குப் போயி ஊரெல்லாம் அலையறயே அம்மிணி. உங்கம்மா இருக்கறாளல்ல" என்றார்.

அம்மா அலமாரித் தட்டில் சீரக டப்பாவுக்கும் தீப்பெட்டிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஓரடி உயரம். துல்லியமாக ஐந்தில் ஒரு பங்கு.

அம்மா சின்னதாகிக்கொண்டு வருவது எங்களுக்குத் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் பன்னிரண்டாவது படிக்கும்போது அறையில் மேசை போட இடமில்லை. அம்மா, நான் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்கிறேன் என்றாள். ஒதுங்கினாள். அதில் ஒரு சாண் குறைந்தது. கல்லூரியில் சேர்ந்த வருடம் தட்டை விட்டுவிட்டு டிபன் பாக்ஸ் மூடியில் சாப்பிடத் தொடங்கினாள். போதும் என்றாள். அவள் அளவுக்குப் போதுமாகத்தான் இருந்தது. பிறகு பாயை விட்டாள். பிறகு தலையணையில் படுத்தாள். பிறகு அதையும் எனக்குக் கொடுத்துவிட்டு அலமாரித் தட்டுக்குப் போய்விட்டாள்.

கம்பெனியில் அவளுக்குப் பிசிறு வெட்டும் வேலை. தைத்து வரும் பனியனில் துருத்திக்கொண்டிருக்கும் நூல்களைக் கத்தரிக்க வேண்டும். சின்னதானதில் கம்பெனிக்கு வசதி. அவளைப் பனியனுக்குள்ளேயே இறக்கிவிட்டார்கள். உள்பக்கத்து நூலை உள்ளிருந்தே வெட்டினாள். சூப்பர்வைசர் மற்றப் பெண்களிடம் அவளைக் காட்டி, துளசிமணியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றாராம். அதை அம்மா வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னாள்.

எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் அம்மாதான் இருந்தாள்.

"உன்னைய யாரு சின்னதா ஆகச் சொன்னா?"

"ஆரும் சொல்லுல கண்ணு. எடம் பத்துல."

"எடுத்து உள்ள வெக்கறதுக்கு நீ என்ன பொம்மையா?"

"பொம்மை கூடாதுன்னுதான் சொல்லிப்போட்டாங்களே" என்றாள்.

அதற்குள் அவள் தட்டிலிருந்து இறங்கி இறக்கை மேல் ஏறியிருந்தாள். வெறுங்காலால் துணியின் விறைப்பை அழுத்திப் பார்த்தாள். தையலை விரலால் தடவினாள். ஓரிடத்தில் நின்று, நான் கவனிக்காமல் விட்ட ஒரு நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். பிறகு இருக்கைக்குள் இறங்கி பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். அளவெடுத்த மாதிரி இருந்தது. கைகளை இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தாள். அவளுக்கென்று ஓர் இருக்கை அதற்கு முன் எந்த இடத்திலும் இருந்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகு இறங்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவள் உட்கார்ந்ததில் வால் கனத்தது. மூக்கு கனத்தால் விமானம் மோசமாகப் பறக்கும். வால் கனத்தால் ஒரே தடவைதான் பறக்கும். நானும் அப்பாவும் ஆளுக்கொரு இறக்கையை விரல் நுனியில் தாங்கிப் பார்த்தோம். வால் தொங்கியது. அம்மா, நான் முன்னால் சாய்ந்து அனுசரித்துக்கொள்கிறேன் என்றாள். நான் மூக்குக்குள் ஈயத்தை அடைத்தேன். வால் எழுந்து மட்டத்துக்கு வரும்வரை அடைத்தேன்.

பறக்கவிடும் இடம் வற்றிப்போன குளம். ரேவதியக்கா கரண்டிகளைக் கழற்றிக்கொண்டு வழியனுப்பினார்.

நடுவர் பெயர் ஜெயசீலன். வெள்ளைத் தொப்பி வைத்திருந்தார். ஒரு கயிற்றுக்கு அந்தப் பக்கம், மூன்று மீட்டர் தள்ளி நின்றுதான் பார்த்தார். கிட்ட வந்து பார்த்தால் எல்லாருக்கும் குறை தெரியும், அது விமானத்துக்குச் செய்யும் அநியாயம் என்றார். புகைப்போக்கியின் பின்னால், புகை படிந்த மாதிரி நான் பூசிய அடுப்புக்கரியைப் பாராட்டினார். பிறகு அம்மாவைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"தேய்மானம் ரொம்ப இயல்பா வந்திருக்குதுங்க. கட்டைவிரல் காய்ப்பு, குதிகால் வெடிப்பு, கண்ணுக்குக் கீழ கருப்பு. எதுல பண்ணுனீங்க?"

"கம்பெனில" என்றேன்.

தேய்மானத்துக்கு முழு மதிப்பெண் போட்டார். எங்களுக்கு முன்னால் வந்த வீட்டின் விமானிக்கு அதில்தான் குறைந்திருந்தது. மீசை சரியாக இருந்தும், கை வழவழவென்று இருந்ததாம். எனக்கு நூற்றுக்கு நூறு கிடைத்த ஒரே பாடம் அது. சந்தோஷப்பட முயன்றேன். வரவில்லை.

அடுத்தது ரேடியோவின் எல்லையைச் சோதிப்பது. அப்பா வாலைப் பிடித்துக்கொண்டார். நான் ரேடியோவில் குச்சிகளை அசைத்தபடி பின்னோக்கியே நடந்தேன். வால் மடிப்பு ஆடுதா என்று கேட்டேன். ஆடுது என்று அப்பா கத்தினார். நான் நடக்க நடக்க குளமும் நீண்டுகொண்டே வந்தது. குளங்கள் அப்படித்தான் செய்யும். கடைசியில் ஒரு கருவேல மரத்தருகே நான் போனபோது அப்பா ஆடுது என்பதை நிறுத்தினார். அந்த மரத்துக்கு அப்பால் என் கை எட்டாது என்று தெரிந்துகொண்டேன்.

திரும்பி வந்து என்ஜினைக் கிளப்பினேன்.

இந்த விமானம் ஓடத் தொடங்கியதும் இடப்பக்கம் இழுக்கும். நிஜ விமானி வலது காலால் மிதித்துத் தடுப்பதை நான் குச்சியை வலப்பக்கம் தள்ளிச் செய்ய வேண்டும். பதறி ஒரேயடியாக வேகம் கொடுப்பவர்கள் இந்த இடத்தில்தான் இறக்கையை உடைத்துக்கொள்வார்கள். நான் பதறவில்லை. வால் எழுந்தது. சக்கரம் தரையை விட்டது. சக்கரங்களை உள்ளே மடக்கினேன். அம்மா எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. முந்தானையை மட்டும் இடுப்பில் செருகியிருந்தாள்.

முதல் வட்டத்தில் எல்லாம் சரியாக இருந்தது. இரண்டாவது வட்டத்தில் ஒன்றைக் கவனித்தேன். விமானம் தூரமாகப் போனது. ஆனால் சின்னதாகத் தெரியவில்லை. கருவேல மரத்தருகேயும் என் தலைக்கு மேல் இருந்த அதே அளவில் தெரிந்தது. நான் பொறியியல் படித்தவள். தூரம் கூடியும் அளவு மாறவில்லை என்றால் பொருள் வளர்ந்திருக்கிறது.

மூன்றாவது வட்டத்தில் அம்மா பத்து வயதுப் பிள்ளை அளவுக்கு இருந்தாள். விமானமும் அவளோடு வளர்ந்திருந்தது. என்ஜின் சத்தம் கனத்துவிட்டது. குளக்கரையில் நின்ற கொக்குகள் எழுந்து போய்விட்டன.

நடுவரும் பார்த்துவிட்டார். "அளவு மாறுதுங்க. இறக்கிருங்க" என்றார். "தரையத் தொட்டா பழைய அளவுக்கே வந்துரும். பயப்பட வேண்டியதில்ல."

"இன்னொரு வட்டம் விட்டா?"

"அப்பறம் இந்தக் குளம் பத்தாதுங்க. எறங்க முடியாது. எறங்கலைன்னா நீங்க படிக்கலைன்னு ஆயிரும்."

நல்ல மனிதர். நிதானமாகச் சொன்னார்.

அப்பா என் தோளருகே வந்து நின்றார். "எறக்கிரு அம்மிணி. உன்ர படிப்புப் போயிரும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அவளுக்கு நாளைக்கு ஷிப்டு வேற இருக்குது" என்றார்.

யோசித்தேன். அந்த அளவு விமானத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கக் கூடாது. இருந்தாலும் யோசித்தேன். இறக்கினால் நான் படித்தவள். அவள் விட்ட பாய், தட்டு, தலையணை எல்லாவற்றுக்கும் ஒரு பலன் வந்துவிடும். இறக்காவிட்டால் அவள் வெட்டியாகச் சின்னதானவள். எதற்காகச் சின்னதானாளோ அது கிடைக்க வேண்டுமானால் அவள் சின்னதாகவே இருக்க வேண்டும். இந்தக் கணக்கை எனக்கு எந்த செமஸ்டரிலும் சொல்லித்தரவில்லை.

என் கட்டைவிரல் வேகத்தைக் குறைத்தது. சக்கரங்களை இறக்கினேன். விமானத்தை என்னை நோக்கித் திருப்பினேன். எதிரே வரும்போது இடது வலதாகிவிடும், வலது இடதாகிவிடும். கவனமாகக் கொண்டுவந்தேன். நன்றாகத்தான் வந்தது. நடுவர் தலையை ஆட்டினார்.

அப்போது அம்மாவின் முகம் தெரிந்தது. அவள் குளத்தைப் பார்த்தாள். அது சிறியது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. உடனே தோளைக் குறுக்கினாள். முழங்கைகளை விலாவோடு சேர்த்துக்கொண்டாள். தலையைத் தாழ்த்தினாள். பஸ்ஸில் பக்கத்தில் யாராவது வந்து உட்கார்ந்தால் இப்படித்தான் செய்வாள். அவள் குறுகியதும் இறக்கையும் ஒரு சாண் உள்ளே போனது.

எனக்காகத்தான் செய்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வேகக் குச்சியை முட்டும்வரை தள்ளினேன்.

"நிமிந்து உக்காரும்மா" என்றேன்.

அவளுக்குக் கேட்டிருக்காது. ஆனால் நிமிர்ந்தாள். விமானம் எங்கள் தலைக்கு மேலே போனது. நடுவரின் தொப்பி பறந்து போனது. அப்பா குனிந்து அதை எடுக்கப் போய், எடுக்காமல் அப்படியே நின்று அண்ணாந்து பார்த்தார்.

கருவேல மரத்தைத் தாண்டியதும் குச்சிகள் கையில் தொளதொளவென்று ஆகிவிட்டன. எல்லை தாண்டினால் என்ஜின் தானாக அணைய வேண்டும். அப்படித்தான் நானே அமைத்திருந்தேன். அணையவில்லை. விமானம் இடப்பக்கம் திரும்பியது. நான் திருப்பவில்லை. அது ஒரு நல்ல திருப்பம். நான் திருப்பியிருந்தால் அவ்வளவு நன்றாக வந்திருக்காது. ரேடியோவை அணைத்துத் தரையில் வைத்தேன்.

"எறங்கலைங்க" என்றார் நடுவர். "படிக்கலைன்னு போட்டுக்கறனுங்க."

"போட்டுக்குங்க."

"வருத்தமில்லீங்களா?"

"இருக்குது. போட்டுக்குங்க."

அவர் போட்டுக்கொண்டார். அடுத்த வீட்டு விமானத்துக்கு இடம்விட்டு எங்களை நகரச் சொன்னார். நாங்கள் நகர்வதற்குள் நிழல் வந்தது.

முதலில் குளத்தின் கிழக்குக் கரை இருட்டியது. பிறகு கருவேல மரம். பிறகு கயிறு, நடுவர், நாங்கள், வரிசையில் காத்திருந்த விமானங்கள், அவற்றில் மீசையோடு உட்கார்ந்திருந்த ஆட்கள். எங்கள் ஹரிக்கேனின் சத்தம் மேலே எங்கேயோ ஓர் உயரத்தில் இருந்தது. நடுவர் பையிலிருந்து டேப்பை எடுத்தார். ஒரு முனையை என் காலடியில் ஊன்றிவிட்டு நிழலின் ஓரத்தைத் தேடி நடந்தார். டேப் முடிந்த இடத்தில் நின்றார். நிழல் முடியவில்லை. அளவு எவ்வளவு என்று எழுதுவது என அங்கிருந்தே கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

அப்பா துண்டை உதறித் தரையில் விரித்தார்.

"செத்த நேரம் இங்கியே உக்காந்துட்டுப் போலாம் அம்மிணி" என்றார். "நல்ல நெழலா இருக்குது."

அப்பா உட்கார்ந்தார். நான் உட்காரவில்லை.