உடம்பில் சேராத ஈரல்

சைதூனுக்கு முதலில் மரத்துப்போனது கால் விரல்கள்தான். சப்பாத்தி மாவு பிசைந்துவிட்டு எழுந்தவள், "பஞ்சு மேல நிக்கிற மாதிரி இருக்குங்க" என்றாள்.

அவள் கணவர் சௌகத் அலி திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு பிரியாணிக் கடையில் மாஸ்டர். தெருமுனை மருந்துக்கடைக்காரரிடம் கேட்டார். "நரம்புத் தளர்ச்சிதான் பாய். ஈரல், முட்டை, மீன்னு நல்லாக் குடுங்க" என்றார் அவர். சமையல்காரருக்கு இதைவிட லேசான வைத்தியம் வேறென்ன இருக்கிறது?

விடிந்ததும் கறிக்கடைக்குப் போய் ஆட்டு ஈரல் வாங்கிவருவார். சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு வதக்கி, தட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்வார். வாய்த்தபோதெல்லாம் ஆத்தூர் அணை மீனும் வந்தது. சைதூனின் நாக்கு வெந்த மாதிரி சிவந்து கிடந்தது. மிளகு பட்டால் கண்ணில் நீர் வரும். ஆனாலும் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுவாள்.

மரப்பு முழங்காலுக்கு ஏறியது. பெருநாளைக்கு மதுரையிலிருந்து வந்த மகள் ரஃபியா, அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

"அத்தா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம்."

"நல்லாத்தாம்மா சாப்பிடுறா. கொஞ்ச நாள் பாப்போம்."

அந்தக் கொஞ்ச நாள் பல மாதமானது. குளியலறையில் விழுந்து, எழ முடியாமல் கிடந்தபோதுதான் மதுரைக்குக் கொண்டுபோனார்கள்.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர் நிதானமாகச் சொன்னாள். சின்னப் பெண்தான்.

"நரம்புக்கு வேண்டிய பி12 சத்து ஈரல்ல நிறைய இருக்கு பாய். நீங்க குடுத்தது தப்பில்ல. ஆனா அது ரத்தத்துல சேரணும்னா வயித்துல ஒரு நீர் சுரக்கணும். இவங்களுக்கு அது சுரக்கல. எம்புட்டு சாப்பிட்டாலும் உடம்புல ஒட்டாது. ஊசியாத்தான் போடணும்."

"ஊசி போட்டா நடப்பாளாம்மா?"

"இதுக்கு மேல மோசமாகாது. தண்டுவடம் வரைக்கும் பாதிச்சிருக்கு. முன்னாடியே வந்திருந்தா…"

ஊசி போடத் தொடங்கியதும் நாக்குப் புண் ஆறியது. முகம் தெளிந்தது. காலில் மட்டும் பழைய பலம் திரும்பவில்லை. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும்போது முகத்தில் தண்ணீர் ஊற்றக் கண்ணை மூடினால் போதும், அப்படியே சாய்ந்துவிடுவாள். சௌகத் அலி பின்னால் நின்று தோளைப் பிடித்துக்கொள்வார். நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகை.

ஒரு நாள் அவர் சொன்னார், "ஈரலக் குடுத்துக் குடுத்தே நாளக் கடத்திட்டேன்."

"எனக்கு அது பிடிக்கவே இல்லீங்க" என்றாள் சைதூன். "வாய்ல வச்சா எரியும். உங்க முகத்தப் பாத்துத்தான் முழுங்குனேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மாதாமாதம் ஊசிக்குப் போகும்போதெல்லாம் அவர் டாக்டரிடம் அதே கேள்வியைக் கேட்டார். ஒருமுறை திண்டுக்கல் பஸ்ஸில் திரும்பும்போது, கொடைரோடு தாண்டியதும் சைதூன் அவர் பக்கம் திரும்பினாள்.

"இனிமே அந்த டாக்டர் புள்ளகிட்ட அதக் கேக்காதீங்க."

"எத?"

"எப்ப நடப்பான்னு. நீங்க கேக்குறப்பெல்லாம் அது தலையக் குனிஞ்சுக்குது. பாவமா இருக்கு."

அவர் சரியென்று தலையாட்டினார். மறுமாதம் போனபோது கேட்கவில்லை. டாக்டர் தலையைக் குனியாமல் அடுத்த ஊசிக்கான தேதியை எழுதிக்கொடுத்தாள்.